சேலத்து ‘சாக் ஹில்ஸ்’

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் கீழே வெள்ளையாகத் தெரிந்த மேடுகளைக் காட்டி, “அப்பா, அது சாக்பீஸ் மலையா?” என்றான் பையன். வெள்ளைக்காரர்களும் அந்த வெள்ளை நிறத்தைப் பார்த்துத்தான் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறை, கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர்பட்டு மாறியது. அதில் உயிரின் சுவடே கிடையாது.

உண்மையான சாக், கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள். ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவை அடிக்கடலில் சேறாகப் படிந்து பாறையாகின. வட கடலில் நார்வே பக்கம் 1969-ல் கண்டுபிடித்த எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் இந்தப் பாறையில்தான் இருக்கிறது. கடல் தரைக்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டரில் புதைந்தும், சில அடுக்குகளில் 30 சதவீதத்துக்கு மேல் நுண்ணிய இடுக்குகள்! அந்த இடுக்குகளில்தான் எண்ணெய். எவ்வளவு அழகான விஷயம் இது!

எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளழுத்தம் குறைந்து, சாக் நசுங்கி, கடல் தரையே இறங்கியது. 1987-ல் எகோஃபிஸ்கில் கடல்மேல் நின்ற எண்ணெய் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது.

அப்புறம், ஏறக்குறைய அந்த சாக் படிந்த அதே காலத்துக் கடல் படிவுகள் நம் அரியலூரிலும் இருக்கின்றன. அடுத்த லீவுக்குப் பையனை அங்கேதான் கூட்டிப்போகிறேன்.