ரெவிட் புது வெர்ஷனுக்கு எப்போது மாறலாம்?

கட்டடத்தை 3டி மாடலாக வரையும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சாஃப்ட்வேரான ரெவிட்டுக்கு, வருஷா வருஷம் மார்ச், ஏப்ரல் வாக்கில் புது வெர்ஷன் வந்துவிடும். சந்தா கட்டுகிற அலுவலகத்துக்கு அதற்கென்று தனிக் காசு கிடையாது என்பதால் வந்த வாரமே மாறிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கையில் ஓடுகிற வேலைகளைப் பார்த்துத்தான் மாறும் நாளை முடிவு செய்ய வேண்டும்.

2024-ல் செய்த மாடலை 2025-ல் திறந்து சேவ் செய்துவிட்டால் மறுபடி 2024-ல் திறக்காது. பழைய வெர்ஷனுக்கு சேவ் செய்யும் வசதியே ரெவிட்டில் இல்லை. ஐஎஃப்சி (சாஃப்ட்வேர்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் பொது ஃபார்மட்) வழியாகக் கொண்டுபோகலாம் என்பார்கள். வடிவம் வரும், ஆனால் பழையபடி எடிட் செய்ய வராது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அலுவலகம், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் திருவனந்தபுரத்தில் என்றால், அவர் 2024-ல் இருக்கும்வரை நம் 2025 ஃபைலை அவரால் தன் மாடலோடு லிங்க் செய்யவே (இணைக்கவே) முடியாது. அதனால் இன்ஸ்டால் செய்யும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

எந்த வெர்ஷனில் தொடங்கிய வேலையோ, அது அதிலேயே முடியட்டும். புது வேலை புது வெர்ஷனில் தொடங்கட்டும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் 30 ஜிபி இடம் ஒதுக்கினால் போதும். ஆட்டோடெஸ்க் நடப்பு வெர்ஷனையும் அதற்கு முந்தைய மூன்றையும்தான் ஆதரிக்கிறது. எனவே பள்ளி, ஆஸ்பத்திரி மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கும் வேலையை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். ஒரு செட் டிராயிங் கொடுத்து முடித்த இடைவெளிதான் அதற்கு நேரம். காங்கிரீட் வார்ப்புக்கு முந்தின வாரத்தில் தொடவே கூடாது.

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூன், ஜூலை தோது. மழையில் சைட் மந்தமாகும், புது வெர்ஷனின் முதல் திருத்தமும் பெரும்பாலும் அதற்குள் வந்திருக்கும். அதே மழையில் கரண்டும் போகும் என்பதால், மாடலை நெட்வொர்க்கில் வைத்து மாற்றாமல், யுபிஎஸ் உள்ள கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்கு ஒரு காப்பி எடுத்து மாற்றுங்கள்.

எல்லாரும் தங்கள் வேலையை சென்ட்ரலில் (எல்லாருக்கும் பொதுவான மெயின் ஃபைலில்) சிங்க் செய்து வெளியே வந்தபின், பழைய வெர்ஷனில் எல்லா ஷீட்டையும் பிடிஎஃப் எடுத்து, மாடலில் ரெவிட் காட்டும் வார்னிங் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். புது வெர்ஷனில் முதலில் லிங்க் ஃபைல்களை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் மெயின் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றை மெமரியில் மாற்றிக்கொண்டே கிடக்கும். பிறகு மெயின் ஃபைலை 'டிடாச்' (பழைய சென்ட்ரலிலிருந்து பிரிப்பது), 'ஆடிட்' (ஃபைலில் பழுது பார்ப்பது) இரண்டும் டிக் செய்து திறந்து, புது சென்ட்ரலாக சேவ் செய்யுங்கள். தங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய லோக்கல் காப்பிகளை எல்லாரும் அழித்துவிட வேண்டும்.

இனி மறுபடி பிடிஎஃப் எடுத்து, பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கூரை. மழைக்காக இறவாரத்தை நீட்டி, நாலு பக்கமும் சரித்த ஓட்டுக்கூரையில், இரண்டு சரிவு சேரும் இடத்தில் ஜாயின் பிரிந்திருந்தால் செக்‌ஷனில்தான் தெரியும். அடுத்து ரூம் பரப்பளவு, கதவு-ஜன்னல் ஷெட்யூல், டைமென்ஷன் எழுத்து. வார்னிங் கூடியிருந்தால் கூடின ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

ரெவிட்டோடு சேர்த்து ஓட்டும் கூடுதல் புரோகிராமான ஆட்-இன் தனிப் பிரச்சினை. ரெவிட் 2025 மைக்ரோசாஃப்டின் புரோகிராமிங் தளமான டாட்நெட் 8-க்கு மாறியதால், 2024-க்கு எழுதிய ஆட்-இன்கள் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் தினமும் நம்பியிருக்கும் ஆட்-இன்னுக்குப் புதுப் பதிப்பு வரும்வரை காத்திருப்பதே நல்லது.

ஆட்டோகேடில் இவ்வளவு பயம் வேண்டாம். 2018 முதல் 2025 வரை ஒரே டிடபிள்யூஜி ஃபார்மட்தான், பழைய ஃபார்மட்டில் சேவ் செய்யவும் வழி உண்டு. புதுக் கம்ப்யூட்டருக்குப் போகும்போது சிடிபி (பிரின்ட் கோட்டு அமைப்பு), லிஸ்ப் (குட்டி புரோகிராம்) ஃபைல்களோடு தமிழ் ஃபான்ட்டையும் எடுத்துப்போங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த டைட்டில் பிளாக், ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் இங்கிலீஷ் எழுத்துகளாகக் கிடக்கும்.

இரண்டு வெர்ஷன் இருக்கும் அலுவலகத்தில் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், அது வேறு வெர்ஷனில் திறந்துவிடக்கூடும். ஃபைல் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைச் சேர்த்து, ரெவிட்டைத் திறந்த பிறகு உள்ளேயிருந்து திறக்கச் சொல்லுங்கள். மாடல் அப்கிரேட் ஆகிறது என்ற செய்தி வந்தால் உடனே கேன்சல். அப்படியே திறந்துவிட்டாலும் சேவ் செய்யாமல் மூடினால் பழைய ஃபைல் தப்பித்துவிடும்.