"சைக்கிளா?" என்று இழுத்தார் ரைட்டர்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என்னை ஒரு கார் இடித்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்த மினி பஸ்ஸை முந்திய கார், எதிரே லாரியைப் பார்த்ததும் சட்டென்று இடது பக்கம் ஒடிக்க, அந்த இடது ஓரத்தில் நான். காரின் பக்கக் கண்ணாடி ஹேண்டில்பாரில் பட்டதுதான் தெரியும், அப்புறம் வாயில் மண். இடது காறை எலும்பு முறிந்தது, முழங்கையில் 7 தையல். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது, அதை விடுங்கள். அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வயது 43, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறானால் அடிவாரம் வரை, தெம்பிருந்தால் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு. மொத்தம் 20 வளைவு, ஒரு நாள்கூட முழுக்க ஏறியதில்லை. எனவே மலையேறும் வீராங்கனை யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

கார்க்காரர் ஓடிவிடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இறங்கி வந்தார், வந்து முதலில் தன் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க நடுரோட்டுல வர்றீங்க?" என்றார். நான் அப்போது ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணில், ஒரு கால் இன்னும் சைக்கிளுக்குள் மாட்டியபடி கிடந்தேன். 108-க்குப் போன் போட்டது அங்கே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன். கார் நம்பரை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதி என் பைக்குள் திணித்ததும் அவர்தான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். விபத்தென்றால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு பணம் கட்டுகிற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, என்னிடம் யாரும் பைசா கேட்கவில்லை. ஆனால் ஏ.ஆர். போடும்போது, அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, "வண்டியில இருந்து விழுந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார்கள். வலி மயக்கத்தில் ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று நாள் கழித்து நகலை வாங்கிப் பார்த்தால், டூ வீலரில் போகும்போது தானாகக் கீழே விழுந்ததாக ஒரு வரி. என்னை இடித்த கார் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அடிபட்டுப் போனால், எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு, கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் மாட்டியபடி ஸ்டேஷனுக்குப் போனேன். முதல் ஸ்டேஷனில், "டீக்கடைக்கு அந்தப் பக்கம்னா எங்க லிமிட் இல்லம்மா." இரண்டாவது ஸ்டேஷனில், "டீக்கடைக்கு இந்தப் பக்கம்னா அவங்கதான் பாக்கணும்." பாவம் அந்த அண்ணன், தன் கடை வாகா எல்லை ஆனது தெரியாமல் வடை சுட்டுக்கொண்டிருந்திருப்பார். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்துவிட்டு அப்புறம் மாற்றி அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 173-வது பிரிவில் சொல்கிறது. வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தோள்பட்டை வலி மட்டும்தான்.

கடைசியில் ஒரு ஸ்டேஷனில் உட்காரச் சொன்னார்கள். புகார் எழுதுகிற ரைட்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஏ.ஆர். நகலைப் பார்த்துவிட்டு, "டூ வீலர்னு போட்டிருக்கு, ஆர்.சி. புக்கு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஜெராக்ஸ் குடுங்க மேடம்" என்றார். சார், டூ வீலர் இல்லை, சைக்கிள் என்றேன்.

"சைக்கிளா?"

பேனாவுக்கு மூடியைப் போட்டுவிட்டார். கோபமோ அலட்சியமோ இல்லை, பெரிய வேலை என்று நினைத்தது சின்னதாகப் போனால் நாம் எல்லோரும் விடுவோமே ஒரு மூச்சு, அதுதான். அதற்குப் பிறகு கேள்விகள். அவ்வளவு காலையில் எதற்குப் போனீர்கள், தனியாகவா போனீர்கள், வீட்டுக்காரர் வரவில்லையா, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா (போட்டிருந்தேன், சட்டப்படி அது மோட்டார் வண்டிக்காரர்களுக்குத்தான்), அது டூரிஸ்ட் வண்டி போகிற ரோடு என்று தெரியாதா, உடம்புக்காக என்றால் கிரவுண்டில் நடக்கலாமே. பத்துக் கேள்வி இருக்கும். கார் என்ன வேகத்தில் வந்தது, எந்தப் பக்கம் வந்தது, ஓட்டியவர் தூங்கி எழுந்தவரா, ராத்திரி முழுக்க ஓட்டியவரா, ஒன்றும் இல்லை. இடித்தவர் ரோட்டைப் பற்றி விளக்கம் தர வேண்டியதில்லை, ரோட்டில் இருந்ததற்கு நான்தான் விளக்கம் தர வேண்டும்.

இவர்கள் கெட்டவர்கள் என்று முடித்துவிட்டால் எழுதுவது சுலபம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த அறையில் இருந்த ஆறு பேரும் வண்டி ஓட்டுகிறவர்கள். முந்தும்போது எதிரில் லாரி வந்தால் அடிவயிறு எப்படிக் கலங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓரத்தில் சைக்கிளில் போகிறவளின் காதுக்குப் பின்னால் ஹாரன் எப்படிக் கேட்கும் என்பது தெரியாது, கடைசியாக சைக்கிள் மிதித்தது பள்ளிக்கூடத்தில். அதனால்தான் கார்க்காரரை எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, "அவரும் புள்ளகுட்டிக்காரரு மேடம், கேஸுன்னு போனா கோர்ட்டுக்கு நீங்களும்தான் அலையணும், செலவுக்கு ஒரு 10,000 வாங்கிட்டு சமாதானமாப் போயிடுங்க" என்று உண்மையான அக்கறையோடு சொல்ல முடிகிறது.

என் நஷ்டஈடு அவர் பிள்ளைகளின் சோற்றிலிருந்து வரப்போவதில்லை. மோட்டார் வண்டி ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், நான்தான் அந்த மூன்றாம் நபர், பணம் கட்ட வேண்டியது கம்பெனி. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் போய் நின்றால் கம்பெனி முதலில் கேட்கிற கேள்வி "விபத்தே நடந்ததா?" என்பது. இடித்துவிட்டு ஓடிப்போனவன் யாரென்று தெரியாவிட்டால்கூட 2022 ஏப்ரல் முதல் கொடுங்காயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம் என்று மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, அதற்கும் ஸ்டேஷன் காகிதம் வேண்டும். ஸ்டேஷனில் பேனா மூடினால் எல்லாக் கதவும் சேர்ந்து மூடுகிறது.

தம்பியின் சிநேகிதர் ஒருவர் வக்கீல். அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 125(பி), 3 வருஷம் வரை தண்டனை. சாதாரணக் காயம் என்று எழுதினால் 125(ஏ), 6 மாதம். ஸ்டேஷனில் "சின்ன அடிதானே" என்றது ஆறுதல் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புகாரை எழுதி, எக்ஸ்ரே அறிக்கையின் நகலை வைத்து, மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு நாள் அலைந்து வாங்கிய சி.எஸ்.ஆரை, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை, வைத்துக்கொண்டு எதுவும் நடக்காத ஸ்டேஷனிலிருந்து, தபால் போய்ச் சேர்ந்த வாரத்தில் போன் வந்தது. எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது.

ஸ்பாட்டுக்கு வந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. வண்டியை விட்டு இறங்கியதும், "கார் எந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்டார். 17 நாளில் முதல்முறையாக ஒருவர் அதைக் கேட்கிறார். டேப் பிடித்து ரோட்டை அளந்து, இடத்தை நேரில் பார்த்த விவரத்தைப் பார்வை மகஜராக எழுதி, மாதிரி வரைபடத்தில் வெள்ளைக் கோட்டைப் போட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு சின்ன பெருக்கல் குறி போட்டார். அது நான். ஏனோ அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

சைக்கிளை வழக்குச் சொத்து என்று எடுத்துக்கொண்டார்கள். காரை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார், அன்று சாயங்காலமே அது வீட்டுக்குப் போய்விட்டது. சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாதே, எதை வைத்து இன்னாருடையது என்று திருப்பிக் கொடுப்பது? இந்தச் சிக்கல் ஐந்து வாரம் ஓடியது. கடைசியில் கடை பில்லைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்து எடுத்தேன். ஸ்டேஷன் பின்பக்கம் புங்கமரத்தடியில், மண்ணில் புதைந்த ஆட்டோக்களுக்கும் டயர் இல்லாத பைக்குகளுக்கும் நடுவே நின்றது. அதன் மேல் சாய்ந்து இன்னொரு சைக்கிள், பழைய காலத்துக் கறுப்பு, கேரியரில் ரப்பர் டியூப் சுற்றியது, முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. யாருடையதோ. எனக்கு எங்கள் தறி மாமா ஞாபகம் வந்தது.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருக்காரர், சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து மாமா. 2019-ல் குகை பக்கம் ஒரு பையன் பைக்கில் வந்து அவர் சைக்கிளைப் பின்னாலிருந்து இடித்தான், முழங்கால் போய்விட்டது. படித்தவள் என்று என்னைத்தான் ஸ்டேஷனுக்குத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்காவது மேடம், அவருக்குப் "பெருசு". "பெருசு, பாத்துப் போகக் கூடாதா?" என்று பின்னாலிருந்து இடிபட்டவரைக் கேட்டார்கள். பையனின் அப்பா 4,000 எடுத்து நீட்டினார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "வாங்கிக்கோங்க மாமா, கோர்ட்டு கேஸுன்னு உங்களுக்கு எதுக்கு அலைச்சல்." அந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரால் தறியின் மிதியை அழுத்தி மிதிக்க முடியவில்லை. இப்போது அடுத்த வீட்டுத் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறார், வருவது வெற்றிலை பாக்குக்குக் காணும்.

எனக்கு அடிபட்டது தெரிந்து, சைக்கிள் வீட்டுக்கு வந்த வாரத்தில் பார்க்க வந்தார். காலை இழுத்து இழுத்து, ஒரு பையில் இரண்டு ஆப்பிளும் பன் பாக்கெட்டும். வாசலில் நின்ற சைக்கிளின் பெல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"கேஸ் போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க மாமா."

"சைக்கிளுக்குக்கூட போடறாங்களா?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.