தனியாப் பேசுது

எங்கள் அங்கன்வாடிக்கு வரும் ஒரு பிள்ளையின் அப்பத்தாவிடம் நான் சொன்னது மூன்றே வார்த்தை. "பிள்ளை தனியாப் பேசுது."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யார்கூட டீச்சரம்மா?" என்றார். அந்தக் கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். "யாரும் இல்லம்மா, சுவத்தைப் பாத்துத்தான்" என்றேன். அதற்குள் ஒரு பையன் சத்துமாவு உருண்டையைக் குடத்தில் போட்டுவிட்டான். ஓடிவிட்டேன்.

சொல்ல நினைத்தது வேறு. நாலு வயசுப் பிள்ளை, 'ஜிகினா' என்று ஒருத்தியை உண்டாக்கி வைத்திருந்தாள். ஜிகினாவுக்குப் பாயில் இடம் விட வேண்டும். முட்டை போடுகிற நாளில் அவளுக்கும் ஒன்று கேட்பாள். "அவ பேரு ரிஜிஸ்டர்ல இல்லையே" என்றால், "எழுதிக்கங்க" என்பாள். ஒருநாள் நானே வேடிக்கையாக வெறும் தட்டை நீட்டி, "இந்தா ஜிகினா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "டீச்சர், அங்க யாருமில்ல. சும்மாதான்."

ஆக, அவளுக்குத் தெரிந்திருந்தது. கோடாங்கிக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை கழுத்தில் தாயத்தும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தாள். உடுக்கைச் சத்தத்தில் ராத்திரி முழுக்க அழுதாளாம். "நீங்க சொல்லப்போயித்தான் தெரிஞ்சுது, காத்துக் கருப்பு அண்டியிருக்கு" என்று அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார். நான் கையை இழுக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

என் மேல் என்ன தப்பு? மாதா மாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கிறோம். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் வீட்டுக்குச் சொல்கிறோம். கண்ணில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதானே. ஆனால் எங்கள் பக்கம் 'தனியாப் பேசுது' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவளா நான்? 'விளையாடுது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்றைக்கு முட்டைக் கணக்கு உதைத்ததில் எரிச்சலாக இருந்தேன். அது வாயில் வந்துவிட்டதோ என்னவோ.

உளவியல் படிக்கிற என் மகள் பிற்பாடு சொன்னாள். அமெரிக்காவில் மார்ஜொரி டெய்லரும் கூட்டாளிகளும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறதாம், பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதையும் சேர்த்து. பெரும்பாலும் அது கற்பனை என்பது பிள்ளைகளுக்கே தெரியுமாம். ஆய்வு எதற்கு, எனக்குத்தான் ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொன்னாளே. அதை அப்பத்தாவிடம் அப்படியே சொல்லியிருந்தால் போதும். நம்பியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜிகினா எங்க பாப்பா?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். நீங்க அப்பத்தாகிட்ட சொல்லிருவீங்க."

இந்த வருஷம் ஒரு பையன் ஜன்னல் கம்பியோடு பேசுகிறான். அவன் அம்மா நேற்று, "எப்படி இருக்கான் டீச்சர்?" என்று கேட்டார். "நல்லாச் சாப்பிடுறான்" என்று அனுப்பி வைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் பல நேரம் திரும்புவதில்லை. அதையும் சொல்லவில்லை.