ஆறு மணிக்கு டிவி கிடையாது

இந்த லண்டனில் 1957 பிப்ரவரி வரைக்கும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை டிவியே கிடையாதாம். பிள்ளைகள் தூங்கப் போகட்டும் என்று ஒளிபரப்பையே நிறுத்திவிடுவார்களாம். 'டாட்லர்ஸ் ட்ரூஸ்', அதாவது குட்டிப் பிள்ளைகளுக்கான போர்நிறுத்தம் என்று பெயர். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சின்னவனைத் தூங்கவைக்க ஐநா சபை வர வேண்டும். அந்தக் காலத்தில் நாடே சேர்ந்து பாய் விரித்திருக்கிறது!

கெடுத்தது விளம்பரக் காசு. 1955-ல் பிபிசிக்குப் போட்டியாக ஐடிவி என்ற தனியார் சேனல் வந்தது. விளம்பரத்தில் பிழைக்கிறவர்களுக்கு தினமும் ஒரு மணி நேரம் கடையைச் சாத்தினால் கட்டுப்படியாகுமா? டிவியையும் சேர்த்துக் கவனித்த தபால் துறைக்கு அமைச்சராக இருந்த சார்லஸ் ஹில், பிள்ளையைத் தூங்கவைப்பது பெற்றோர் பாடு என்று கைகழுவினார். பிப்ரவரி 16, சனிக்கிழமை, ஆறு ஐந்துக்கெல்லாம் பிபிசியில் பாட்டும் கூத்தும். சின்னவனை ஒரு வாரம் அவர் வீட்டில் விட்டிருக்க வேண்டும்.

சரி, அரசாங்கம் கைவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று முந்தாநாள் சட்டம் போட்டேன். முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து. "அந்த மருமகளை இன்னிக்குத்தான்டா வீட்டைவிட்டுத் துரத்தறாங்க. நான் என்ன குழந்தையா?" ரிமோட் இழுபறியில் பேட்டரி சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"இப்ப என்னப்பா பண்றது?" என்றான் சின்னவன். அதை நான் யோசித்திருக்கவில்லை. அதே 1957-ன் ஏப்ரல் 1 கதையைச் சொல்லித் தொலைத்தேன். ஸ்பகெட்டி என்றால் கோதுமை மாவில் செய்கிற நீள நூடுல்ஸ்; சுவிட்சர்லாந்தில் பெண்கள் அதை மரத்திலிருந்து பறித்து, வடாம் மாதிரி வெயிலில் காயவைப்பதாக பிபிசியின் 'பனோரமா' செய்தி நிகழ்ச்சியில் காட்டினார்கள். பேசியவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. ராணியின் முடிசூட்டு விழாவுக்கே வர்ணனை சொன்னவர், அவர் வாயில் பொய் வருமா? ஸ்பகெட்டி அப்போது இங்கே பலருக்குப் பழக்கமில்லாத பண்டம் வேறு. மரம் வளர்ப்பது எப்படி என்று ஃபோன் மேல் ஃபோன். ஒரு துண்டை தக்காளி சாஸ் டின்னில் நட்டுவிட்டு நம்பிக்கையோடு இருங்கள் என்று பதில் போனதாம்.

சின்னவன் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் அரை பாட்டில் கெட்சப். நடுவில் நாலு குச்சி ஸ்பகெட்டி. குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்து இடம் எனக்கில்லை, அந்தச் செடிக்குத்தான். வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான், "டிவி ஓடியிருந்தா இது நடந்திருக்குமா?" என்று பழிதீர்த்தாள்.

இன்று காலை ஒரே அலறல். முளைத்துவிட்டதாம்! ஓடிப்போய்ப் பார்த்தால் கறிவேப்பிலைக் கிளையில் வெள்ளையாக, நூல் நூலாகத் தொங்குகிறது. அடுப்படியில் அம்மா திரும்பியே பார்க்காமல் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

சின்னவன் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு வந்து கேட்கிறான்: "அப்பா, தேங்காய்த் துருவலும் மரத்துலயே காய்க்குமா?"