ரிப்போர்ட்டுல ஒரு ‘ஹை’

போன மாசம் ராத்திரி பத்தரைக்கு அக்கா வாட்ஸ்அப்புல ஒரு பிடிஎஃப் அனுப்புச்சு, கூடவே “டேய் இத கொஞ்சம் பாரு, பயமா இருக்கு”ன்னு வாய்ஸ் நோட். ஆஃபர் போட்டிருக்கான்னு மாஸ்டர் ஹெல்த் செக்கப் போயிருக்கு. மூணாவது பக்கத்துல சிஏ-125ங்கற ரத்த டெஸ்ட் மட்டும் தடிச்ச எழுத்துல 42, பக்கத்துல ‘ஹை’. 35க்குள்ள இருக்கணுமாம். கூகுள்ல தேடுனா சினைப்பை கேன்சர்னு வருது, அப்புறம் எங்க தூங்குறது.

நான் போன்லயே கணக்கு போட்டேன். அக்கா மாதிரி எந்த தொந்தரவும் இல்லாத 10,000 பொம்பளைங்கள நிக்க வை, அதுல 4 பேருக்கு நெசமாவே அந்த நோய் இருக்குன்னு சும்மா வச்சுக்க, டெஸ்ட் 3 பேர புடிச்சிடுது, மிச்சம் இருக்கற 9,996 பேர்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கு தப்பா ஏத்திக் காட்டுனாலே 200 பேரு. ஆக, பயந்துபோய் உக்காந்திருக்கற 203 பேர்ல நோய் இருக்கறது 3 பேருக்குதான்.

இதுல டாக்டருங்களே சறுக்குவாங்க. 1978ல ஹார்வர்டு ஆஸ்பத்திரிகள்ல 60 பேர்கிட்ட (டாக்டருங்க, படிக்கற பசங்க எல்லாம் சேத்து) ஒரு கேள்வி கேட்டாங்க: ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற நோய், டெஸ்ட் 5 சதவீதம் தப்பா பாசிட்டிவ் காட்டும், பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? விடை 2 சதவீதம் கிட்ட. நெறைய பேர் சொன்னது 95. சரியா சொன்னது 11 பேரு!

மாமா குறுக்க வந்தாரு, “எதுக்கு வம்பு, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நிம்மதிதானே மாப்ள”. அது நிம்மதியான்னும் பாத்திருக்காங்க மாமா. அமெரிக்காவுல 55லேர்ந்து 74 வயசு வரைக்கும் 78,216 பேர குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மட்டும் வருஷா வருஷம் சிஏ-125, ஸ்கேன். குலுக்கல் ஏன்னா, தானா செக்கப்புக்கு வர்றவங்க ஏற்கனவே வாக்கிங் போற, உடம்ப பாத்துக்கற ஆளுங்க, அவங்க நல்லா இருந்தா அது டெஸ்ட்டாலயா வாக்கிங்காலயான்னு பிரிச்சு சொல்லவே முடியாது. 2011ல ரிசல்ட் வந்துச்சு, டெஸ்ட் எடுத்த பக்கம் சினைப்பை கேன்சர் சாவு குறையல. ஆனா 3,285 பேருக்கு தப்பா பாசிட்டிவ், அதுல 1,080 பேருக்கு ஆபரேஷன், 163 பேருக்கு பெரிய சிக்கல். நோயே இல்லாதவங்களுக்கு!

அதுக்காக ரிப்போர்ட்ட தூக்கிப் போடுன்னு சொல்லல. வயிறு உப்பி, ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சு வர்றவங்களுக்கு இதே 42ன்னா கதையே வேற, ஏன்னா அவங்க அந்த 10,000 பேர் கூட்டத்துல இல்ல. மறுநாள் லேடி டாக்டரும் அதத்தான் மொதல்ல கேட்டாங்க, உப்புசம் இருக்கா, வீட்டுல யாருக்காவது கேன்சரா, ரத்தம் குடுத்தப்ப பீரியட்ஸான்னு. ரெண்டாவது நாளாம். அதுக்கே கூடும், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற, கேன்சர் இல்லாத கட்டி) இருந்தாலும் கூடும்னாங்க. ஸ்கேன்ல சின்னதா ஒரு ஃபைப்ராய்டு, சினைப்பை சுத்தம்.

நேத்து திரும்ப எடுத்ததுல 28. “இத எதுக்குடா பேக்கேஜ்ல வச்சான்”னு கேக்குது அக்கா. பில்ல பாத்தா ரெண்டாவது டெஸ்ட்டுக்கும் ஸ்கேனுக்கும் ஆஃபர் இல்ல.