இன்ஜினை இறக்கச் சொன்னார்கள், போயிருந்தது ஒரு ஸ்டட்

"சத்தம் எதுவும் இல்லை" என்று முதலில் போன இடத்தில், வண்டியின் புகாரைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதி, வண்டியைப் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தக் கழுவலுக்குத்தான். கழுவச் சொல்லி யார் கேட்டது?

என்னுடைய பிக்கப் நாலு சிலிண்டர் டர்போ டீசல், மேனுவல் கியர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ரேஸ் கொடுத்தால் அதுவும் கூடவே வேகமெடுக்கும். பாரத்தோடு மேட்டில் ஏறினால் இன்னும் உரக்கக் கேட்கும். ஆனால் பத்து நிமிடம் போல ஓடி இன்ஜின் சூடானதும் காணாமல் போய்விடும். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமான துப்பு. அதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும் அல்லவா? கவுன்ட்டரில் இருந்தவர், "எங்க சார் சத்தம்? காட்டுங்க" என்றார். அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்திருக்கும்போதுதான் வரும் என்று சொன்னேன். தலையாட்டினார், எழுதிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட சத்தம் என்றால் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். வாயால் சொன்னால் போதாது. இடம் வேண்டுமென்று யாராவது வண்டியை நகர்த்தி வைத்துவிடுவார்கள், கதை முடிந்தது. செல்போனில் பதிவு செய்வதானால் குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று, இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் வைத்து எடுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அடுத்த இடத்தில் சத்தத்தைக் கேட்டார்கள். கேட்டது மட்டுமல்ல, பானெட்டை முழுசாகத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்: "கான்ராட் பேரிங் போச்சு. இன்ஜினை இறக்கணும்."

பிஸ்டனின் தண்டு கிராங்க்ஷாஃப்ட்டில் சுற்றும் இடத்தில் இருக்கும் பேரிங் அது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சூடேறினால் ஆயில் இளகும், பிரஷர் குறையும். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் சூட்டில்தான் மோசமாகும். என் வண்டியில் நேர் எதிர். கேஜ் மாட்டி ஆயில் பிரஷரை அளந்து பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "என் காது பொய் சொல்லாது" என்று பதில் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஆயில் மாற்ற வேண்டிய சமயம்தான் அது. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பார்த்தேன், பேரிங் தேய்ந்தால் தெரியும் உலோக மினுமினுப்பு ஒன்றும் இல்லை. ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை விரித்தும் பார்த்தேன். உலோகத் தூள் கிடையாது. இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். இதற்கு எதையும் பிரித்துப்போட வேண்டியதில்லை.

வீட்டிலேயே இன்னும் சிலதைக் கழித்துக்கட்டினேன். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறவில்லை, ஆகவே ரிலீஸ் பேரிங் மேலும் ஃப்ளைவீல் மேலும் இருந்த சந்தேகம் குறைந்தது. முன்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் ஓடவிட்டேன், அப்போதும் அதே சத்தம். ஆல்டர்னேட்டரும் புல்லிகளும் தப்பித்தன. வெளியே இருக்கும் பெல்ட்டைத்தான் சொல்கிறேன். டைமிங் பெல்ட்டில் கை வைத்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வெளிப் பெல்ட் இல்லாமலும் நீண்ட நேரம் ஓட்டக்கூடாது, பல வண்டிகளில் வாட்டர் பம்ப் அதில்தான் சுற்றுகிறது.

பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் படலம். இன்னொரு மெக்கானிக் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். நாலாவதைக் கழற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. "பாத்தீங்களா, இன்ஜெக்டர்தான்" என்றார். சோதனை சரி, முடிவு தவறு. இன்ஜெக்டரை நிறுத்தினால் அந்த சிலிண்டரில் எரிப்பே நின்றுவிடும். அப்போது அந்த சிலிண்டரோடு சம்பந்தப்பட்ட பேரிங் சத்தம், பிஸ்டன் சத்தம், புகைக் கசிவு எல்லாமே குறையத்தான் செய்யும். கோளாறு எந்த சிலிண்டரில் என்று அது சொல்லும். எந்த பாகத்தில் என்று சொல்லாது. இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினார், நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. நல்லவேளை, புதிதாக வாங்கவில்லை.

பழைய பழக்கத்தில் சிலர் இன்ஜின் ஓடும்போது டீசல் பைப் நட்டைத் தளர்த்தி சிலிண்டரைச் சோதிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். அந்த பைப்பில் பிரஷர் 1000 பாரைச் சாதாரணமாகத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது வயதான ஒரு மெக்கானிக்கிடம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏசி போட்டா லேசா புகை வாசம் வருதா?" வந்துகொண்டுதான் இருந்தது. சத்தத்தோடு அதைச் சேர்த்து யாரும் கேட்டதில்லை. வண்டியை இரவு அங்கேயே விடச் சொன்னார்.

மற்றவர்கள் நீள ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார்கள். அதில் டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்), இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் பயங்கரமாகத்தான் கேட்கும், கசியும் காற்று மட்டும் கேட்காது. இவர் ஒரு ரப்பர் ஹோஸை எடுத்து, ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறுமுனையை ஃபேனில் படாமல் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசிப் போர்ட் (புகை வெளியேறும் துளை) பக்கம் வந்ததும் நின்று, ஹோஸை என்னிடம் நீட்டினார். 'டிக்' இல்லை, தெளிவாக 'பஃப், பஃப்'. தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மூடி துள்ளுகிற மாதிரி.

டேப்பெட்டோடு இதைக் குழப்பிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. ஐட்லிங்கில் இன்ஜின் 800 ஆர்பிஎம் சுற்றினால் ஒரு டேப்பெட் நிமிடத்துக்கு 400 தடவை தட்டும். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறுவதும் அதே 400 தடவை. தாளத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது.

மேனிஃபோல்டை மூடியிருக்கும் வெப்பத் தகடான ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் எல்லாம் வெளிச்சமானது. கடைசிப் போர்ட்டைச் சுற்றி இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் மேல் விசிறிபோலக் கரி படிந்திருந்தது. மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்து வைக்கும் மரைத் தண்டான கீழ் ஸ்டட் முறிந்து, நட்டையே காணவில்லை. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அலுமினிய ஹெட்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அந்த இழுபறி இரண்டு ஓரங்களிலும்தான் அதிகம், அதனால் ஓரத்து ஸ்டட்கள்தான் முதலில் முறியும் என்றார். சூடானதும் மேனிஃபோல்டு விரிந்து இடைவெளி அடைந்துகொள்ளும். சத்தம் நின்றதன் ரகசியம் இவ்வளவுதான்.

முறிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அதிர்ஷ்டம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்து, ஆறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத் திருப்பினார். 'கிரீச்' என்று வெளியே வந்தபோது இரண்டு பேருமே மூச்சு விட்டோம். உள்ளே முறிந்திருந்தால் துளை போட வேண்டியிருக்கும். அது கொஞ்சம் கோணினாலும் ஹெட்டுக்குக் கேடு. வேலையை ஒப்படைக்கும் முன் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தார், வளையவில்லை. புது கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு), எல்லா ஸ்டட்டும் புதுசு. நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். சில தடவை சூடாகி ஆறிய பிறகு மறுபடியும் கொண்டுவந்து டார்க் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போது இரண்டு நட் லேசாகத் தளர்ந்திருந்தது.

டிக் போய்விட்டது, புகை வாசமும் போய்விட்டது. பதிலுக்கு 2000 ஆர்பிஎம் பக்கம் ஒரு கிணுகிணுப்பு வந்து என்னைப் பதற வைத்தது. திரும்ப மாட்டிய ஹீட் ஷீல்டுதான். துருவில் போல்ட் ஓட்டை பெரிதாகியிருந்தது. அகலமான வாஷர் ஒன்று வைத்து நானே முடுக்கினேன், நின்றுவிட்டது.