டிரிஃப்ட் காருக்கு எத்தனை டிகிரி லாக் வேண்டும்: ஐந்து வாரம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது

அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டும் கணினி விளையாட்டில் ஒரு வருடமாக ஒரே மோட் காரில்தான் (பயனர்கள் செய்து சேர்க்கும் கார்) டிரிஃப்ட், அதாவது பின்சக்கரத்தை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஓட்டுவது, பழகிவந்தேன். எவ்வளவு வேகத்தில் வளைவுக்குள் வீசினாலும் சுழலாது, கவுண்டர் ஸ்டீயர் கொடுத்தால், அதாவது வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், வந்துவிடும். போன மாதம் வேறொரு காருக்கு மாறியபோது மூன்றாவது வளைவிலேயே சுழன்று நின்றேன். அடுத்த சுற்றிலும் அப்படியே. என்னதான் வித்தியாசம் என்று பழைய காரின் கோப்பைத் திறந்தேன்.

அதில் ஸ்டீயர் லாக், ஸ்டீயர் ரேஷியோ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, நடுவிலிருந்து ஒரு பக்கம் ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி சுற்றலாம் என்பது. அதை இரண்டாவதால் வகுத்தால் முன்சக்கரம் எத்தனை டிகிரி திரும்பும் என்று தோராயமாகத் தெரியும். வெறுமனே லாக் என்று நான் சொல்வது இந்தச் சக்கரக் கோணத்தை. என் காரில் 450, 5. அதாவது 90 டிகிரி! முன்சக்கரம் காருக்குக் குறுக்கே நிற்கிறது. சாதாரணத் தெருக் காரில் இது 35 முதல் 40 வரைதான். முன்சக்கரம் அதிகம் திரும்ப வைக்கும் ஆங்கிள் கிட் போட்ட போட்டி டிரிஃப்ட் கார்கள் 60, 65-ஐத் தொடும், சில அதையும் தாண்டும். 90 அதற்கெல்லாம் வெகு மேலே.

சரி, அடியிலிருந்து தொடங்குவோம் என்று டொயோட்டாவின் ஏஇ86 தெருக் கார் மோட் ஒன்றை வேறு பெயரில் நகலெடுத்தேன். (மூலக் கோப்பிலேயே கை வைத்தால் ஆன்லைன் சர்வர் உள்ளே விடாது. நகல்தான் நல்லது.) ஸ்டீயர் லாக் 450, ரேஷியோ 12. வகுத்தால் 37.5 டிகிரி.

முதல் வாரம் முழுக்கச் சுழன்றேன். ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. கார் போகும் திசைக்கும் அதன் மூக்குக்கும் இடையிலான கோணம் 45-ஐத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், ஒவ்வொரு முறையும் அங்கேதான் கை நழுவியது. காரணம் கணக்கில் இருக்கிறது. டிரிஃப்டில் முன்சக்கரம் கார் போகும் திசையைப் பார்த்து நிற்கவேண்டும், ஆனால் அச்சாக அதே திசையை அல்ல. வளைவின் உள்பக்கம் காரை இழுக்க அதற்குக் கொஞ்சம் ஸ்லிப் ஆங்கிள், அதாவது சக்கரம் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையே ஒரு கோணம், வேண்டும். அது 8 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 37.5 லாக் உள்ள கார் ஏறத்தாழ 45, 47 வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங்கில் மிச்சம் இல்லை. முன்டயரின் ஸ்லிப் ஏறிக்கொண்டே போகும், மூக்கு இன்னும் உள்ளே இழுபடும், கார் சுற்றிவிடும். லாக் என்பது சுழல்வதற்கு முன்னால் கையில் இருக்கும் கடைசிச் சேமிப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 90 டிகிரி காரில் அந்தச் சேமிப்பு தீரவே தீராது. அதனால் ஆக்சிலேட்டரை எப்போது விடவேண்டும் என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் வாரம் லாக்கை ஏற்றப் பார்த்தேன். ரேஷியோவைத் தொடாமல் ஸ்டீயர் லாக்கை 660 ஆக்கினால் 55 டிகிரி கிடைக்கும், ஆனால் முழுச் சுற்று 1320 டிகிரி ஆகிறது. கணினியில் மாட்டியிருக்கும் என் ஸ்டீயரிங் வீல் சுற்றுவது 900 மட்டுமே. ஆகவே ஸ்டீயர் லாக்கை 450-இலேயே விட்டு ரேஷியோவை 8 ஆக்கினேன், 56 டிகிரி வந்தது. நிஜக் காரிலும் நடப்பது இதுதான். ஜப்பானில் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டு) வெட்டி, அதிலிருந்து நீளும் ஸ்டீயரிங் ஆர்மைக் குட்டையாக்கி வெல்டிங் செய்வார்கள். ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது பக்கவாட்டில் நகரும் தண்டான ரேக் அதே தூரம்தான் நகரும், சக்கரம் மட்டும் அதிகம் திரும்பும். ஸ்டீயரிங் வேகமாகும், கனமாகவும் ஆகும்.

ஓட்டிப் பார்த்தால் சுழல்வது நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் முழு லாக்கில் கார் யாரோ பிடித்து இழுப்பதுபோல வேகம் இழந்தது. இந்த இடத்தில்தான் மூன்றாவது வாரம் முழுதும் போயிற்று.

சிக்கல் ஆக்கர்மன் அமைப்பில் இருந்தது. மெதுவாகத் திரும்பும்போது உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போவதால், உள்சக்கரம் அதிகம் திரும்பும்படி தெருக் காரை அமைத்திருப்பார்கள். சின்னக் கோணங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. பெரிய கோணத்தில் நிலைமை வேறு. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2.4 மீட்டர், இரு முன்சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு முழு ஆக்கர்மனுக்குக் கணக்குப் போட்டேன். ஒரு சக்கரம் 56 டிகிரி திரும்பும்போது மற்றது 38-ஐ ஒட்டித்தான் திரும்புகிறது. டிரிஃப்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் போகவேண்டியவை. 17, 18 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு காரை நிறுத்தப் பார்க்கும். டிரிஃப்ட் கிட்டுகள் ஆக்கர்மனைக் குறைத்து இரண்டையும் கிட்டத்தட்ட இணையாக வைப்பது இதனால்தான்.

சஸ்பென்ஷன் கோப்பில், ரேக்கையும் ஸ்டீயரிங் ஆர்மையும் இணைக்கும் டை ராடின், அச்சுக்குப் பின்னால் இருக்கும் முனையைச் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்த்தினேன். வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்தது. இன்னும் தள்ளலாமே என்று ஆசைப்பட்டேன், ஆனால் நிஜத்தில் அந்த இடத்தில் பிரேக் டிஸ்க்கும் ரிம்மும் இருக்கும். நிஜக் காரில் போல்ட் போட முடியாத இடத்தில் கோப்பிலும் வைப்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

நிஜமான எல்லை எது என்பதும் இங்கேதான் தெளிவாயிற்று. டை ராடும் ஸ்டீயரிங் ஆர்மும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் சக்கரம் மாட்டிக்கொள்ளும், ரேக் இழுத்தாலும் திரும்பி வராது. அதற்கு முன்பே டயர் போய் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மிலோ ஆன்டி ரோல் பாரிலோ இடிக்கும். ஆங்கிள் கிட் செய்யும் எஸ்டோனியாவின் வைஸ்ஃபேப் போன்றவர்கள் நக்கிளோடு ஆர்ம்களையும் சேர்த்தே மாற்றுவது இந்த இடத்துக்காகத்தான்.

நான்காம் வாரம் ரேஷியோ 7, ஏறத்தாழ 64 டிகிரி. வளைவின் நுழைவில் பெரிய கோணம் எடுக்க அருமையாக இருந்தது. ஆனால் நேர்ப்பாதையில் கை லேசாக அசைந்தாலே மூக்கு ஆடியது. தவிர, கோணம் ஏற ஏறப் பின்சக்கரத்தின் தள்ளுவிசை போகும் திசையில் குறைகிறது. 45 டிகிரியில் 71 சதவீதம் முன்னே தள்ளும், 60-இல் பாதி, 80-இல் 17 சதவீதம்தான். ஆக 90 டிகிரி லாக் கொடுத்தாலும் அந்தக் கோணத்தில் தாக்குப்பிடிக்க எஞ்சினுக்குப் பலம் போதாது. பழைய மோட் காரில் அது எப்படி ஓடியது? டயர் பிடிப்பையும் குதிரைத்திறனையும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதையும் கோப்பில் பார்த்தேன்.

ரேஷியோவைக் குறைத்ததில் எதிர்பாராத நன்மை ஒன்று. என் வீலின் மோட்டார் மெதுவானது. கையை விட்டால் தானாகச் சுழன்று எதிர்ப்பக்கம் போவதற்குள் கார் கைமீறிவிடும். ரேஷியோ 12-இல் ஒரு பக்கம் 37.5-இலிருந்து மறுபக்கம் 37.5-க்குப் போக வீல் 900 டிகிரி சுற்றவேண்டும். 8-இல் அதே வேலைக்கு 600 போதும். பக்கம் மாற்றுவது எனக்குக் கைகூடியது இதற்குப் பிறகுதான்.

இப்போது தெருக் காருக்கு 38, கிட் போட்ட காருக்கு 56, போட்டிக் காருக்கு 64 என்று மூன்று நகல்கள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஓட்டுவது 56. பழக மட்டும் 38-ஐ எடுக்கிறேன். நேற்று அதில் பத்துச் சுற்றில் ஆறு சுழலாமல் முடிந்தன. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முன்கூட்டியே விட்டதுதான் வித்தியாசம். அடுத்து காஸ்டரை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை, தொடப்போகிறேன், லாக் 56-இலேயே இருக்கும்.